வில்லனைக் காப்பாற்றுங்கள்!

நாவலில் வரும் வில்லனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. அவன் பேசி முடிக்கும்வரை ஹீரோ காத்திருப்பான். "இந்த நாளுக்காகத்தான் நான் நூறு வருஷமா…" என்று ஆரம்பித்து, சின்ன வயதுச் சோகம், உலகத்தை வளைத்துப்போடும் திட்டம், அந்தத் திட்டத்தில் எங்கே ஓட்டை என்பது உட்பட இரண்டு பக்கத்துக்கு ஒப்பிக்கலாம். ஹீரோவின் கை வாள் பக்கம் போகாமல் எழுத்தாளர் பார்த்துக்கொள்வார்.

அதே வில்லனைக் கொண்டுபோய் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடும் மேசையில் நிறுத்துங்கள். "இந்த நாளுக்காகத்தான் நான் நூறு…" "அம்பு விடுறேன்." இருபது முகப் பகடை உருளும். இருபதே விழும். டன்ஜன் மாஸ்டர் ராத்திரி பகலாகக் கண்விழித்து டிசைன் செய்த இருளரசன், இனிஷியலைக்கூடச் சொல்லாமல் செத்துப்போவான்.

விளையாட்டு தெரியாதவர்களுக்கு ஒரு நிமிட விளக்கம். மேசையைச் சுற்றி நாலைந்து நண்பர்கள், ஆளுக்கொரு வீரன். கூடவே இன்னொருவர், டன்ஜன் மாஸ்டர். ஊர், மழை, சத்திரக்காரர், டிராகன், வில்லன் எல்லாம் அவர் ஒருவரே. ஐந்து மூளைக்கு எதிராக ஒரு மூளை. அந்த ஒன்றும் அரைத் தூக்கத்தில் இருக்கும். இந்த விளையாட்டின் ஐம்பது வருடச் சரித்திரத்தை வீரர்களின் சரித்திரம் என்று சொல்லிக்கொள்கிறார்கள். சும்மா! வீரர்களிடமிருந்து வில்லன்களைக் காப்பாற்ற சிலர் பட்ட பாடுதான் அது.

முதலில் நாவல்களிலிருந்து ஆரம்பிப்போம். விளையாட்டின் இரண்டு பிதாமகர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ், 1979-இல் வந்த டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு புத்தகத்தின் பின்னால் தனக்குப் பிடித்த எழுத்தாளர்களுக்கு ஒரு பட்டியலே போட்டிருக்கிறார். அதில் முக்கியமானவர், டெக்சாஸின் கிராஸ் ப்ளெய்ன்ஸ் என்ற சிற்றூரில் உட்கார்ந்து கோனன் என்ற வாள்வீரனைப் படைத்த ராபர்ட் ஈ. ஹோவர்ட். கோனனின் பரம எதிரி யார் என்று எந்த ரசிகரைக் கேட்டாலும், தூக்கத்திலிருந்து எழுப்பிக் கேட்டாலும், 'தோத்-அமோன்' என்பார். ஸ்டைஜியா நாட்டு மகா மந்திரவாதி. பாம்பு மோதிரக்காரன். பெயரைக் கேட்டாலே பிசாசுகள் நடுங்கும்.

அந்த மகா மந்திரவாதி அறிமுகமான கதை 1932 டிசம்பர் 'வியர்ட் டேல்ஸ்' இதழில் வந்தது. அதில் அவருக்கு என்ன உத்தியோகம் தெரியுமா? எடுபிடி! மோதிரம் தொலைந்துபோய், சக்தியும் போய், அஸ்கலான்டே என்ற சதிகாரனிடம் அடிமையாகக் காலம் தள்ளுகிறார். ஒரு குண்டு பிரபு அந்த மோதிரத்தை வைத்துக்கொண்டு, அதன் அருமை தெரியாமல் இவரிடமே எடுத்துக் காட்டுகிறார். பிரபு காலி. மோதிரம் கைக்கு வந்ததும் தோத்-அமோன் ஒரு பூதத்தை ஏவுகிறார். கோனன் மீதா? இல்லை, தன் முதலாளி மீது! பூதம் முதலாளியைத் தேடிப்போன இடத்தில் மன்னர் கோனனும் இருந்தார், அவ்வளவுதான்.

ஹோவர்ட் எழுதிய எந்தக் கதையிலும் இந்த இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டதில்லை. பின்னால் வந்த எழுத்தாளர்களும் காமிக்ஸ்காரர்களும்தான் இவரைப் பரம எதிரியாக்கினார்கள். போதாக்குறைக்கு, முதல் கதையே குல் என்ற வேறொரு மன்னனை வைத்து எழுதி, விலைபோகாமல் கிடந்த சரக்கு. ஹோவர்ட் மன்னனை மாற்றினார், கொஞ்சம் மாந்திரீகம் தூவினார், விற்றார். ஆக, உலகமே நடுங்கும் அந்தத் தோத்-அமோன், கதை விலைபோவதற்காகக் கடைசி நேரத்தில் சேர்த்த மசாலா.

இனி மேசைக்கு வருவோம். 1970களின் ஆரம்பம். மினியாபொலிஸ், செயின்ட் பால் இரட்டை நகரம். இன்னொரு பிதாமகரான டேவ் ஆர்னசன் 'பிளாக்மூர்' என்ற கற்பனை நாட்டை வைத்து நண்பர்களோடு ஆடிக்கொண்டிருக்கிறார். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பெயர்கூடப் பிறக்கவில்லை. வில்லனைத் தானே யோசித்து உருவாக்கும் சிரமம் எதற்கு என்று, ஆர்னசன் அந்த வேலையை அவுட்சோர்ஸ் செய்துவிட்டார். சில நண்பர்கள் கெட்டவர் பக்கம் ஆடலாம். அவர்களில் ஒருவர் ரத்தக்காட்டேரியாக மாறினார். பெயர், சர் ஃபாங்.

நாவலின் காட்டேரிக்கு எழுத்தாளர் கடிவாளம் போடுவார். இந்தக் காட்டேரிக்கு யார் போடுவது? அவர் வாராவாரம் தயாராக வருகிறார். திட்டம் போடுகிறார். பலம் ஏறிக்கொண்டே போகிறது. வசனமும் பேசுவதில்லை. மற்ற வீரர்கள் செத்துச் செத்து அலுத்துப்போனார்கள். வேறு வழியில்லாமல், ஹாமர் கம்பெனி திகில் படங்களில் சிலுவையோடு வரும் காட்டேரி வேட்டைக்காரர் பாணியில் ஒரு பாதிரியார் பாத்திரத்தை உருவாக்கி, மைக் கார் என்ற நண்பரிடம் கொடுத்தார்கள். அதுதான் இன்று உலகம் முழுக்க எத்தனையோ மேசைகளில் வீரர்களின் காயத்தை ஆற்றிக்கொண்டிருக்கும் சாந்த சொரூபியான 'கிளெரிக்'. கருணையே உருவான அந்தப் பாத்திரம், ஒரு நண்பனை அடக்க முடியாத வயிற்றெரிச்சலில் பிறந்தது!

1974-இல் விளையாட்டு புத்தகமாக வந்தது. வீரர்கள் பலம் பெற்றார்கள். சாதாரண வில்லன்கள் எல்லாம் ஊறுகாய் மாதிரி ஆகிவிட, ஆடுகிறவர்களின் பார்வை மேலே போனது. ரொம்ப மேலே. தெய்வங்கள்!

1976-இல் 'காட்ஸ், டெமிகாட்ஸ் அண்ட் ஹீரோஸ்' என்று ஒரு புத்தகம் வந்தது. பலநாட்டுத் தெய்வங்களுக்கும் அதில் ஹிட் பாயிண்ட் உண்டு. அதாவது, எத்தனை அடி தாங்குவார் என்ற கணக்கு. வடதேசத்துப் பெருந்தெய்வமான ஓடினுக்கு 300. புத்தகத்தின் எடிட்டர் டிம் காஸ்க் முன்னுரையில் தன் நல்ல நோக்கத்தையும் சொல்லியிருந்தார். நாற்பது லெவலுக்கு மேல் ஏறிக்கொண்டு அலட்டும் வீரர்களே, ஓடினுக்கே இவ்வளவுதான் என்றால் நீங்கள் எவ்வளவு அபத்தம் என்று புரிகிறதா? இதுதான் சாரம். வீரர்களுக்கு நன்றாகவே புரிந்தது. "ஓடினுக்கு முந்நூறுதானா?" என்று வாளைத் தீட்ட ஆரம்பித்தார்கள்.

1980-இல் வந்த 'டெயிட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்' புத்தகத்தில் இந்தியத் தெய்வங்களுக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்கினார்கள். இந்திரன், யமன், காளி, கார்த்திகேயன். ஆமாம், நம்ம முருகனேதான். அவருக்கும் கணக்குப் போட்டிருந்தார்கள். சூரபத்மன் கையில் மட்டும் அந்தப் புத்தகம் கிடைத்திருந்தால், கடலுக்கு நடுவே மாமரமாகப் போய் நின்றிருக்க மாட்டான். கால்குலேட்டரோடு வந்திருப்பான்.

பாடம் இதுதான். எதற்கு ஓர் எண் கொடுத்தாலும், அதிலிருந்து கழிக்க ஒருவன் கிளம்பி வருவான்.

கைகாக்ஸுக்கு இது ஏற்கெனவே புரிந்திருந்தது. 1975-இல் பால்டிமோரில் நடந்த ஆரிஜின்ஸ் மாநாட்டுப் போட்டிக்காக, 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' என்ற கல்லறையைக் கட்டினார். "என் வீரனை யாராலும் அசைக்க முடியாது" என்று மார்தட்டும் கில்லாடிகளுக்கு வைத்த பரீட்சை அது. அதன் சொந்தக்காரர் அசெரராக். செத்தும் சாகாத மந்திரவாதி. மிச்சம் இருப்பது ஒரு மண்டை ஓடு மட்டுமே. அதைப் பார்ப்பதற்கு முன்னால் நூறு பொறிகளில் சாக வேண்டும்.

இங்கே ஒரு தகவல். விளையாட்டுத் தொழிலுக்கு வருவதற்கு முன் கைகாக்ஸ் சிகாகோவில் இன்சூரன்ஸ் அண்டர்ரைட்டர். எந்த மனிதனுக்கு எந்த வழியில் என்ன ஆபத்து வரும் என்று கணக்குப் போடுவதே வேலை. அந்த வேலை போனபிறகு செருப்புத் தைத்து வயிற்றைக் கழுவினார். இப்படி ஒருவர் கையில் பென்சிலும் கட்டத்தாளும் கிடைத்தால் என்ன ஆகும்? கல்லறையின் ஆரம்பத்திலேயே சுவரில் ஒரு பச்சைப் பிசாசு முகம். வாய் அகலத் திறந்து, உள்ளே கும்மிருட்டு. எவனாவது அதற்குள் நுழைவானா? நுழைந்தார்கள்! உள்ளே இருந்தது, தொட்டதையெல்லாம் இல்லாமல் ஆக்கிவிடும் கருங்கோளம். முதல் ஆள் போனான், சத்தம் இல்லை. "பரவாயில்லை, உள்ளே பாதுகாப்பாத்தான் இருக்கான் போல" என்று இரண்டாவது ஆள் போனான்.

இதுவரை கண்டுபிடித்ததிலேயே சிறந்த பாதுகாப்பு இது. வில்லன் வெளியே வரவே வேண்டாம். கட்டடம் பார்த்துக்கொள்ளும். ஆனால் கைகாக்ஸின் சொந்த வட்டத்திலேயே ராப் குன்ட்ஸ் என்று ஒருவர் இருந்தார். அவருடைய வீரன் ரோபிலார். அவன் கல்லறைக்குள் போனபோது, தன்னிடம் சேவகம் செய்த ஓர்க்குகள் என்ற அரக்கர்களை வரிசையாக முன்னால் நடக்கவிட்டான். பொறி எங்கே இருக்கிறது என்று ஒவ்வோர் ஓர்க்காகச் செத்துக் காட்டியது. கடைசி அறைக்குப் போய்ப் பொக்கிஷத்தை அள்ளினான். மண்டை ஓடு எழும்பியதும் சண்டையே போடாமல் ஓடிவந்துவிட்டான். இப்போது சொல்லுங்கள், அந்தக் கல்லறையில் வில்லன் யார்?

நம் ஊர்ப் பக்கத்து வில்லன்களையும் அமெரிக்கர்கள் விட்டுவைக்கவில்லை. 1977-இல் வந்த 'மான்ஸ்டர் மானுவல்' புத்தகத்தில் 'ராக்ஷசா' என்று ஒரு பதிவு. ஆஹா, ராவணனுக்கு உரிய மரியாதை கிடைத்துவிட்டது என்று புல்லரிக்க வேண்டாம். படத்தில் இருப்பவர் புலித்தலையோடு, பணக்கார வீட்டு கவுன் மாட்டிக்கொண்டு, பைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். ரிட்டயர்டு ஜட்ஜ் மாதிரி!

கைகாக்ஸ் வால்மீகியையோ கம்பரையோ புரட்டி இதைப் பிடிக்கவில்லை. 'கோல்சாக்: தி நைட் ஸ்டாக்கர்' என்ற அமெரிக்க டிவி தொடரில், 1974-இல் வந்த ஓர் எபிசோடில் ராட்சசன் வருகிறான். நமக்கு நம்பிக்கையான மனிதரின் உருவத்தில் தோன்றி ஏமாற்றுவான். மந்திரித்த குறுக்குவில் அம்பு பட்டால் ஒழிவான். அதை அப்படியே புத்தகத்தில் இறக்கிவிட்டார். பத்துத் தலை, இருபது கை, கயிலையைத் தூக்கிய தோள், சாமகானம் எல்லாம் கழித்து, டிவிக்காரர்களின் பட்ஜெட்டுக்குள் அடங்கிய ராட்சசன். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சந்நியாசி வேஷத்தில் வந்து "அம்மா, பிச்சை" என்று நின்றவனின் வித்தையை மட்டும் டிவிக்காரர்கள் சரியாகப் பிடித்துவிட்டார்கள். அம்பு விடவேண்டிய ஆள் இவன்தான் என்று தெரிந்தால்தானே விடுவார்கள்?

அடுத்த பாதுகாப்பு முறை இன்னும் நூதனமானது. வில்லன் முழுசாக வந்தால்தானே கொல்வார்கள்? பார்ட்ஸ் பார்ட்ஸாக வந்தால்? 1976-இல் வந்த 'எல்ட்ரிட்ச் விசார்ட்ரி' என்ற துணைப்புத்தகத்தில் வெக்னா அப்படித்தான் அறிமுகமானார். ஒரு கை, ஒரு கண். மீதி ஆள் மிஸ்ஸிங். மந்திரங்களை மனப்பாடம் செய்து ஒவ்வொன்றாகத் தீர்க்கும் முறையை இந்த விளையாட்டு ஜாக் வான்ஸின் நாவல்களிலிருந்து எடுத்திருந்தது. நன்றி சொல்லும் விதமாக அவர் பெயரின் எழுத்துகளைக் குலுக்கிப் போட்டு, ஓர் அழுகல் பிணத்துக்குச் சூட்டினார்கள். எழுத்தாளருக்கு மரியாதை!

வெக்னாவின் சக்தி வேண்டுமா? உங்கள் கையை வெட்டிவிட்டு அந்தக் கையைப் பொருத்த வேண்டும். கண்ணுக்கும் அதே விதி. படிக்கிற நமக்கே வலிக்கிறது. ஆனால் வீரர்கள் கியூவில் நின்றார்கள். பின்னாளில் ஒரு குழு, போட்டிக் குழுவைக் கவிழ்க்க ஒரு புரளியைக் கிளப்பிவிட்டது. கை, கண்ணைவிடச் சக்தி வாய்ந்தது ஒன்று உண்டாம். வெக்னாவின் தலை! யாரோ ஒருவனுடைய சாதாரணத் தலையைப் பெட்டியில் வைத்து, காவலுக்குப் பொறியும் வைத்து ஒளித்தார்கள். போட்டிக் குழு உயிரைப் பணயம் வைத்து அதைக் கைப்பற்றியது. அப்புறம் ஒரு சண்டை. யார் தலையை முதலில் வெட்டுவது என்றல்ல. "என் தலையைத்தான் வெட்டணும்" என்று! வெட்டினார்கள், புதுத் தலையை வைத்தார்கள், ஆள் காலி. 'வெக்னாவின் தலை' என்ற இந்தக் கதை ஆட்டக்காரர்களிடையே இன்றும் பிரபலம். வில்லன் இல்லை, பூதம் இல்லை, ஒரு பகடைகூட வேண்டியிருக்கவில்லை. ஆசை ஒன்றே போதுமாக இருந்தது.

மேசை வில்லன்களில் பேரழகன் என்று ஒருவர் இருக்கிறார். ஸ்ட்ராட் வான் சரோவிச். அவர் பிறந்த கதை அழகானது. டிரேசி ஹிக்மன் என்ற ஆட்டக்காரர் ஒருமுறை ஆடும்போது, ஏதோ ஒரு பாதாள அறையில், சில்லறைப் பூதங்களுக்கு நடுவே ஒரு ரத்தக்காட்டேரி நின்றிருந்தது. கோட்டு சூட்டு, கௌரவம், எல்லாம் உண்டு. 'இவ்வளவு பெரிய மனுஷன் இந்தச் சந்தில் என்ன பண்றார்?' என்று அவருக்குக் கேள்வி வந்தது. பதில் கிடைக்காமல், மனைவி லாரா ஹிக்மனோடு சேர்ந்து காட்டேரிக்கென்று ஒரு கோட்டை, ஒரு நாடு, ஒரு மனக்கஷ்டம் எல்லாம் கட்டிக்கொடுத்தார். 1983-இல் 'ரேவன்லாஃப்ட்' ஆக வெளிவந்தது.

அந்த மனக்கஷ்டத்தைக் கேளுங்கள். ஸ்ட்ராட் போர்க்களத்திலேயே இளமையைத் தொலைத்த பிரபு. ஊர் திரும்பியதும் டாட்யானா என்ற பெண் மேல் காதல். அவளோ இவரைப் பெரியவர் என்றும் அண்ணன் என்றும் மரியாதையாக அழைக்கிறாள். அண்ணன்! முறையும் அதுதான், அவள் கட்டிக்கொள்ளப்போவது இவருடைய தம்பி செர்கேயை. விட்டுத்தொலைத்துவிட்டு நரைக்கு மை பூசியிருக்கலாம். ஸ்ட்ராட் மரணத்தோடு ஒப்பந்தம் போட்டார், கல்யாண நாளன்றே தம்பியைக் கொன்றார். அவள் கோட்டையிலிருந்து குதித்தாள். இவர் காட்டேரியானார். ஓர் ஆண்மகனுக்கு வயதாகிவிட்டதை ஒப்புக்கொள்ள மனமில்லாததால், ஒரு நாடே மூடுபனிக்குள் சிறைப்பட்டது.

ஆனால் ஹிக்மன் தம்பதிக்கு வில்லனைக் காக்கும் சூத்திரம் தெரிந்திருந்தது. ஆட்டத்தின் ஆரம்பத்தில் சீட்டுக் குலுக்கிப் பார்ப்பார்கள். ஸ்ட்ராட் எங்கே இருப்பார், என்ன திட்டம் வைத்திருப்பார் என்பது ஒவ்வொரு முறையும் மாறும். முன்பே ஆடிய அதிகப்பிரசங்கி நண்பன் "எனக்குத் தெரியும், அவன் கீழே சவப்பெட்டியில இருப்பான்" என்று சொல்ல முடியாது. அதே கோட்டையின் கல்லறைகளில், தன் வாள் மேலேயே தடுக்கி விழுந்து செத்த சர் க்ளட்ஸ் என்ற மாவீரருக்கும் இடம் கொடுத்திருந்தார்கள். காட்டேரிக்குக்கூட அக்கம்பக்கம் சரியாக அமைவதில்லை.

இதெல்லாம் சின்ன ஆபத்துகள். 1980களில் வில்லன்களுக்கு நிஜமான எதிரிகள் வந்தார்கள். அமெரிக்கப் பெற்றோர்களும் பிரசங்கிகளும்! இந்த விளையாட்டு பிள்ளைகளைச் சாத்தானிடம் சேர்க்கிறது என்று கூச்சல். ஓடினையே கழித்துப் பார்த்த வீரர்களால் முடியாததை, அந்தப் புகார்க் கடிதங்கள் சாதித்தன. 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் 'டீமன்', 'டெவில்' இரண்டு பெயர்களும் காணாமல் போயின. அவர்களே பின்பு 'டனாரி', 'பாட்டெஸு' என்ற புதுப் பெயர்களில் சத்தமில்லாமல் திரும்பி வந்தார்கள். நரகத்தின் அதிபதிகள் கெஸட்டில் பெயர் மாற்றிக்கொண்டு பிழைக்க வேண்டியதாயிற்று!

சரி, இத்தனை வில்லன்களை உருவாக்கியவர்களுக்கு நிஜ வில்லன் எதிரே வந்தால் அடையாளம் தெரியுமா? வெக்னாவின் கையை வெட்டியது யார் என்று கதையில் ஒரு விவரம் உண்டு. எதிரி அல்ல. காஸ் என்ற அவருடைய நம்பிக்கைக்குரிய தளபதி. வெட்டிய வாளும் வெக்னாவே பரிசாகக் கொடுத்தது.

வெக்னாவை விளையாட்டுக்குள் கொண்டுவந்தவர்களில் ஒருவர் பிரையன் ப்ளூம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்ட டிஎஸ்ஆர் கம்பெனியில் கைகாக்ஸின் கூட்டாளி. 1980களின் நடுவில் கம்பெனி கடனில் தத்தளித்தது. கூட்டாளிகளுக்குள் முட்டல். நிர்வாகத்தைச் சீர்செய்ய கைகாக்ஸ் ஒருவரை வேலைக்குக் கொண்டுவந்தார். பெயர், லோரெய்ன் வில்லியம்ஸ். 1985-இல் ப்ளூமும் அவருடைய சகோதரரும் தங்கள் பங்குகளை அவரிடமே விற்றார்கள். போர்டு மீட்டிங் நடந்தது. கை தூக்கினார்கள். கைகாக்ஸ் தலைவர் பதவியை இழந்தார். கோர்ட்டுக்குப் போனார், அங்கேயும் தோற்றார். பச்சைப் பிசாசின் வாய்க்குள் எத்தனையோ பேரை அனுப்பியவர், தானே கதவைத் திறந்து உள்ளே போனார்!

அதற்காக வில்லியம்ஸை வில்லி என்று சொல்லிவிடவும் முடியாது. மூழ்கிக்கொண்டிருந்த கம்பெனியைப் பிறகு பல வருடங்கள் நடத்தியவர் அவர். ஆர்னசனைக் கேட்டிருந்தால் வேறொரு பெயர் சொல்லியிருப்பார். 1979-இலேயே ராயல்டி கேட்டு அவர் வழக்குப் போட்டது கைகாக்ஸின் கம்பெனி மீதுதான்.

ஆகவே, அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு வில்லன் யோசிக்கும் டன்ஜன் மாஸ்டர்களே! கறுப்பு அங்கி, சிவப்புக் கண், எரிமலைக் கோட்டை, ஒன்றும் வேண்டாம். முதல் வாரம் சத்திரத்தில் ஒரு கணக்குப்பிள்ளையை உட்கார வையுங்கள். பணிவானவன், வாய் பேசாதவன், வீரர்களின் தங்கக்காசை அவர்களைவிடச் சரியாக எண்ணுபவன். உங்கள் வீரர்களே அவனுக்குச் சம்பளம் பேசுவார்கள். பெட்டிச் சாவியைக் கொடுப்பார்கள். பிறந்தநாளுக்கு ஒரு மந்திர வாள்கூடப் பரிசளிப்பார்கள். பத்தாவது வாரம், இவனை வேலைக்குச் சேர்க்கச் சொன்னது யார் என்று ஐந்து பேரும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டிருக்கும்போது, அவன் பக்கத்து ராஜ்யத்தில் அட்வான்ஸ் கொடுத்து வீடு பார்த்திருப்பான்.